சியரா லியோனில் நீலத் தொப்பிகள்: உள்நாட்டுப் போர் முடிந்த நாட்டில் ஐ.நா. அமைதிப்படை செய்ததும் செய்யாததும்

ஐ.நா. அமைதிப்படை என்று பேச்செடுத்தாலே நம் மக்களில் பலருக்கு ஸ்ரெப்ரெனிட்சாதான் நினைவுக்கு வரும். போஸ்னியாவிலுள்ள அந்த ஊரைப் ‘பாதுகாப்பான பகுதி’ என்று ஐ.நா.வே அறிவித்திருந்தது. 1995 ஜூலையில், காவலுக்கு நின்ற டச்சு வீரர்கள் தடுக்க இயலாமல் நிற்க, போஸ்னிய செர்பியப் படை ஊரைப் பிடித்தது. சில நாட்களுக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ‘அமைதிப்படை என்றால் வேடிக்கை பார்க்கும் படை’ என்று நம் இளைஞர்கள் சொல்வதை நாம் குறை சொல்ல முடியாது.

தமிழ் பேசும் நமக்கு அந்தச் சொல்லோடு இன்னொரு நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்று 1990 மார்ச்சில் திரும்பிய இந்திய ராணுவத்துக்கும் ‘அமைதிப்படை’ என்றே பெயர். அது இரு அரசுகளின் ஏற்பாடு. ஐ.நா.வின் நீலத் தொப்பிப் படைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது.

இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு நாடு: மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். மக்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் முஸ்லிம்கள். பதினோரு ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் கிடந்த நாடு. அங்கே சென்ற ஐ.நா. படை முதலில் அவமானப்பட்டது, பிறகு வென்றது. ஏன் தோற்றது, எப்படி வென்றது என்று பார்த்தால், இப்படிப்பட்ட படைகளிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது ஓரளவு விளங்கும்.

வைரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஏழை நாடு

சியரா லியோன் 1961 ஏப்ரல் 27 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அங்கே 1930-ல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்கே கோனோ மாவட்டத்தில் அதை எடுக்க ஆழமான சுரங்கம் தேவையில்லை. ஆற்று மணலையும் சரளையையும் மண்வெட்டியால் வெட்டி, சல்லடையில் சலித்தே எடுத்துவிடலாம். அரசு வலுவாக இருந்தால் இது அல்லாஹ்வின் கொடை. அரசு பலவீனமானால், துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் அந்த மண்ணைப் பிடித்து ஒரு படைக்குச் சோறு போட்டுவிடலாம். சியரா லியோனில் இரண்டாவதுதான் நடந்தது.

1991 மார்ச் 23 அன்று, லைபீரியா எல்லையைத் தாண்டி கைலாஹுன் மாவட்டத்துக்குள் ஒரு கிளர்ச்சிக் கூட்டம் நுழைந்தது. தன்னைப் புரட்சிகர ஐக்கிய முன்னணி என்று அழைத்துக்கொண்டது. தலைவர் ஃபோடே சங்கோ, ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்தவர். பின்னால் நின்று ஆயுதம் கொடுத்தவர் லைபீரியாவின் சார்லஸ் டெய்லர். ஊழல் அரசை அகற்றுவோம் என்ற பேச்சோடு வந்தவர்கள், சிறுவர்களைப் பிடித்துப் போய்ப் போதை கொடுத்துப் போராளிகளாக்கினார்கள், பெண் பிள்ளைகளைத் தூக்கிச் சென்றார்கள், பொதுமக்களின் கைகளை வெட்டினார்கள். 1996 தேர்தலில் வாக்களிக்கக் கூடாது என்பதற்காகவே கை வெட்டப்பட்டவர்கள் உண்டு. அந்தத் தேர்தலில் வென்று அதிபரானவர் அஹ்மத் தேஜான் கப்பா. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஒரு முஸ்லிம் வழக்கறிஞர்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது மதப் போர் இல்லை. ஒரே குடும்பத்தில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் இருப்பது அந்நாட்டில் சாதாரணம். கொன்றவர்களிலும் இரு சமயத்தார் உண்டு, கொல்லப்பட்டவர்களிலும் உண்டு. 1997-ல் அங்குள்ள ஆலிம்களும் பாதிரிமார்களும் சேர்ந்து ஒரு சமயங்களுக்கிடையிலான பேரவையை அமைத்தார்கள். 1999-ல் கிளர்ச்சியாளர்களைக் காட்டுக்குள் நேரில் போய்ச் சந்தித்து, பிடித்து வைத்திருந்த குழந்தைகளில் சிலரை மீட்டு வந்தார்கள். ராணுவ வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. பேச்சுவார்த்தை மேசைக்கு இரு தரப்பையும் கொண்டுவந்ததில் அந்தப் பேரவைக்குப் பங்குண்டு.

லோமே ஒப்பந்தம்: அவசரமான ஸுல்ஹ்

1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் நுழைந்தார்கள். சில வாரங்களில் பல ஆயிரம் பேர் இறந்தார்கள். நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படைதான் அவர்களை விரட்டியது. அப்போது நாட்டிலிருந்த ஐ.நா.வினர் சில டஜன் ராணுவப் பார்வையாளர்கள் மட்டுமே. நைஜீரியாவுக்கும் பணமும் பொறுமையும் தீர்ந்துகொண்டிருந்தன. வல்லரசுகள் எதுவும் படை அனுப்பத் தயாராக இல்லை. எனவே கப்பா, டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1999 ஜூலை 7 அன்று சங்கோவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

அந்த ஒப்பந்தம் சங்கோவுக்குக் கொடுத்ததைப் பாருங்கள். துணை அதிபருக்குச் சமமான அந்தஸ்து. நாட்டின் கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைமை, அதாவது வைரத்தின் சாவி. எல்லாக் குற்றங்களுக்கும் முழுமையான பொதுமன்னிப்பு. கையெழுத்திட்ட ஐ.நா. பிரதிநிதி மட்டும், இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்று தன் கையெழுத்தின் அருகே பேனாவால் எழுதி வைத்தார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அந்தக் கைப்பிரதி வரிதான் ஒரு நீதிமன்றத்துக்கு வாசல் திறந்தது.

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. ஆயுதத்தோடு மக்களை வழிமறித்துக் கொல்பவன், பிடிபடுவதற்கு முன் தானே திருந்தி வந்தால் அவனுக்குரிய ஹத்து நீங்கலாம். ஆனால் அவன் பறித்த உயிருக்கும் உறுப்புக்கும் பொருளுக்கும் உரிய மனிதர்களின் உரிமை அப்படியே நிற்கும். அதை மன்னிக்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவருக்கும் அவருடைய வாரிசுக்கும் உரியது. ஆட்சியாளர் தன் பேனாவால் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. லோமேயில் நடந்தது அந்தத் தள்ளுபடிதான். கப்பாவுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக நமக்கும் தெரியவில்லை. தலைநகரில் பிணங்கள் கிடந்த நாட்டின் அதிபர் அவர்.

இந்த ஒப்பந்தத்தைக் காக்கத்தான் 1999 அக்டோபர் 22 அன்று பாதுகாப்புச் சபை தன் 1270-ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு படையை அமைத்தது. அதன் சுருக்கப் பெயர் உனாம்சில். ஆரம்ப அனுமதி 6000 வீரர்கள். உடனடி ஆபத்திலுள்ள பொதுமக்களைப் பாதுகாக்க பலத்தைப் பயன்படுத்தலாம் என்று ஐ.நா. படை ஒன்றுக்கு வெளிப்படையாக எழுதிக் கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஸ்ரெப்ரெனிட்சாவும் ருவாண்டாவும் கற்றுத் தந்த பாடம் அந்த வாசகத்தில் இருந்தது. ஆனால் வாசகம் மட்டுமே இருந்தது.

2000 மே மாதம் நடந்த அவமானம்

ஐ.நா.வுக்குச் சொந்தமாகப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் தங்கள் வீரர்களைக் கொடுக்கின்றன, ஐ.நா. அந்த அரசுகளுக்கு ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் திருப்பிக் கொடுக்கிறது; அந்நாட்களில் அது ஏறத்தாழ ஆயிரம் டாலர். பெரிய பணக்கார நாடுகள் பணம் தரும், வீரர்களைத் தருவதில் தயக்கம் காட்டும். அந்நாட்களில் வீரர்களைத் தந்தவை பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா, நைஜீரியா, கென்யா போன்ற நாடுகள். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி ஆயுதம், தனித்தனி பயிற்சி, தன் நாட்டுத் தலைநகரிலிருந்து தனித்தனி உத்தரவு என்று வந்து சேரும். சியரா லியோனுக்கு வந்த சில பிரிவுகளிடம் போதிய வாகனமும் ரேடியோவும்கூட இல்லை.

நைஜீரியாவின் மேற்கு ஆப்பிரிக்கப் படை வெளியேறிய அதே நாட்களில், 2000 மே தொடக்கத்தில், கிளர்ச்சியாளர்கள் ஐ.நா. படையைச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கேனி நகரில் பத்துப் போராளிகள் தங்கள் தலைவர்களைக் கேட்காமல் ஆயுதத்தை ஒப்படைத்ததுதான் சாக்கு. கென்ய வீரர்கள் காத்த முகாமைத் தாக்கினார்கள். உதவிக்கு அனுப்பப்பட்ட ஜாம்பியா வீரர்களை நூற்றுக்கணக்கில் சிறைப்பிடித்து, அவர்களுடைய கவச வண்டிகளையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் சுமார் 500 அமைதிப்படை வீரர்கள் பிணைக்கைதிகளானார்கள். பாதுகாக்க வந்தவர்களையே பாதுகாக்க ஆள் தேட வேண்டிய நிலை.

அப்போது படைத் தளபதி ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி. கிழக்கே கைலாஹுன் ஊரில் இருநூறுக்கும் அதிகமான இந்திய வீரர்கள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றது எதிர்த்தரப்பு. அவர்கள் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 75 நாட்கள் அப்படியே இருந்தார்கள். ஜூலை நடுவில், மழைக்காலத்தில், இந்திய வீரர்களோடு கானா, நைஜீரிய வீரர்களும் சேர்ந்து, பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களின் உதவியோடு ‘குக்ரி’ என்ற நடவடிக்கையில் அவர்களை மீட்டார்கள்.

நிலைமையைத் திருப்பியதில் பிரிட்டனுக்குப் பெரிய பங்குண்டு. மே மாதத்திலேயே சுமார் எண்ணூறு பாராசூட் வீரர்கள் வந்து விமான நிலையத்தையும் தலைநகரையும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஐ.நா. கொடியின் கீழ் வரவில்லை, தங்கள் சொந்த உத்தரவில் வந்தார்கள். மே 8 அன்று சங்கோ வீட்டின் முன் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தபோது காவலர்கள் சுட்டதில் இருபது பேரளவில் இறந்தார்கள். சங்கோ தப்பியோடினார். மே 17 அன்று மக்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

இதற்குள் படைக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. நைஜீரிய அதிகாரிகள் சிலர் வைரத்துக்காகக் கிளர்ச்சியாளர்களோடு உடன்பாடு வைத்திருப்பதாக ஜெட்லி எழுதிய ரகசியக் குறிப்பு செப்டம்பரில் பத்திரிகைகளில் கசிந்தது. நைஜீரியா கொதித்தது, குற்றச்சாட்டை மறுத்தது. இந்தியா தன் படையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து 2001 தொடக்கத்தில் வெளியேறியது. ஜோர்தானும் வெளியேறியது. வெளியில் இருந்து பார்த்தவர்கள், இந்தப் படை இனி தேறாது என்றுதான் நினைத்தார்கள்.

தேறியது எப்படி?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் ஓர் ஒழுங்கைச் சொல்கிறது. சண்டையிடும் இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்ய வேண்டும்; ஒரு கூட்டம் வரம்பு மீறினால் அது திரும்பும் வரை எதிர்த்து நிற்க வேண்டும்; திரும்பியபின் நீதியோடு இணக்கம் ஏற்படுத்த வேண்டும். உள்நாட்டுக் கிளர்ச்சி பற்றிய சட்டங்களை ஃபுகஹாக்கள் இந்த வசனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நம் மஹல்லாவில் பங்காளிச் சண்டையைத் தீர்க்க உட்கார்ந்தவர்களுக்கு இதன் நடைமுறை தெரியும். எழுதி வாங்கிய காகிதத்தை மீறினால் ஜமாஅத் என்ன செய்யும் என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காகிதம் மறுவாரமே கிழிந்துவிடும். லோமேயில் நடுப்படி இல்லாமல் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவப் பார்த்தார்கள், அந்த மூன்றாம் படியிலும் நீதியை விட்டுவிட்டார்கள்.

2000 கோடைக்குப் பிறகு நடுப்படி வந்தது. பல பக்கமிருந்து வந்தது. ஜூலை 5 அன்று பாதுகாப்புச் சபை 1306-ஆம் தீர்மானத்தின் மூலம் அரசுச் சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரத்தை வாங்கத் தடை விதித்தது. 2001-ல் டெய்லரின் லைபீரியா மீதும் ஆயுத, வைரத் தடைகள் வந்தன. இந்த வைரப் பிரச்சினையின் தொடர்ச்சியாகவே உலக அளவில் கிம்பர்லி சான்றிதழ் முறை 2003-ல் நடைமுறைக்கு வந்தது. கிளர்ச்சியாளர்கள் பக்கத்து நாடான கினியாவுக்குள் கால் வைத்தபோது அந்நாட்டு ராணுவம் அவர்களைக் கடுமையாக அடித்தது. 2000 ஆகஸ்டில், அல்ஜீரியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் லக்தர் பிராஹிமி தலைமையிலான குழு ஐ.நா. அமைதிப்படைகள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. செய்ய முடியாத வேலைக்குச் சிறிய படையை அனுப்பாதீர்கள், இரு தரப்பையும் ஒரே தட்டில் வைப்பது என்ற பெயரில் அநியாயம் செய்பவனையும் அநியாயத்துக்கு ஆளானவனையும் சமமாக நடத்தாதீர்கள் என்பது அதன் சாரம்.

இந்தியர்கள் விட்டுச் சென்ற இடத்தை வங்கதேசமும் பாகிஸ்தானும் நிரப்பின. 2001 மார்ச்சில் படையின் உச்சவரம்பு 17,500 ஆக உயர்த்தப்பட்டது. அன்றைய உலகில் ஐ.நா.வின் மிகப்பெரிய படை அது. முன்பு பிணைக்கைதிகளைப் பிடித்தவர்கள் இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வைரப் பணம் சுருங்கிவிட்டது, தலைவர் சிறையில், எல்லைக்கு அப்பாலும் அடி, எதிரே கனரக ஆயுதத்தோடு வந்திறங்கும் படை. 2000 நவம்பரிலும் 2001 மே மாதத்திலும் நைஜீரியாவின் அபுஜா நகரில் நடந்த பேச்சுகளில் அவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க இணங்கினார்கள்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது

அமைதிப்படையின் வேலையில் மக்கள் அதிகம் அறியாத பகுதி இது. நம் பார்வையில் முக்கியமான பகுதியும் இதுதான்.

போராளிகள் குறிப்பிட்ட இடத்தில் கூடுவார்கள். ஐ.நா. பார்வையாளர்கள் ஒவ்வொருவரையும் விசாரிப்பார்கள். உண்மையில் போராளிதானா, உதவிக்கு ஆசைப்பட்டு வந்தவனா என்று அறிய, துப்பாக்கியைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். ஆயுதத்தை வாங்கிப் பதிவு செய்து, அது மீண்டும் பயன்படாதபடி ஆக்குவார்கள். அடையாள அட்டை கொடுப்பார்கள். முகாமில் சிறிது காலம் வைத்து, கைச்செலவுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். பிறகு தச்சு, கொத்து வேலை, தையல், வாகனப் பழுது பார்த்தல் என்று ஏதாவது ஒரு தொழிற்பயிற்சி. ஒரே மாவட்டத்தில் அரசு ஆதரவுப் படையினரும் கிளர்ச்சியாளர்களும் ஒரே காலத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ‘நான் கொடுத்துவிட்டேன், அவன் வைத்திருக்கிறானே’ என்ற பயத்துக்கு அதில் மருந்து இருந்தது. நடுவில் நின்று இரு தரப்பு எண்ணிக்கையையும் சரிபார்த்துச் சொல்ல, எந்தத் தரப்பையும் சாராத ஓர் ஆள் வேண்டும். அமைதிப்படையின் உண்மையான பயன் அங்கேதான் தெரிந்தது. துப்பாக்கியைவிட அந்தக் கணக்குப் புத்தகம் அதிகம் சாதித்தது என்று நாம் சொல்வோம்.

75,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஆயுதம் துறந்தார்கள். அவர்களில் ஏழாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் சிறுவர்கள். 42,000-க்கும் அதிகமான ஆயுதங்களும் 12 லட்சம் தோட்டாக்களும் அழிக்கப்பட்டன. 2002 ஜனவரியில் லுங்கியில் (விமான நிலையம் உள்ள ஊரின் பெயர், நம் உடை அல்ல) சுமார் 3000 துப்பாக்கிகளைக் குவித்துத் தீ வைத்து, போர் முடிந்ததாக அதிபர் அறிவித்தார். அந்நாட்டுக் கிரியோ மொழியில் மக்கள் சொன்ன ‘வார் டோன் டோன்’ என்ற வார்த்தைக்குப் போர் முடிந்தே போனது என்று பொருள்.

ஓட்டையும் இருந்தது. துப்பாக்கி கொண்டுவந்தால்தான் போராளி என்ற விதியால், தூக்கிச் செல்லப்பட்டு சமையலுக்கும் சுமை தூக்கவும் ‘மனைவி’ என்ற பெயரில் வைத்திருக்கவும் பட்ட பெண்களில் பெரும்பாலோர் கணக்கிலேயே வரவில்லை. ஆயுதம் துறந்தோர் பட்டியலில் பெண்கள் ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அவர்களில் பலர் கைக்குழந்தையோடு, எந்த அட்டையும் இல்லாமல், தங்களை ஏற்குமா என்று தெரியாத ஊருக்குத் திரும்பினார்கள்.

2002 மே 14 அன்று தேர்தல் நடந்தது. ஐ.நா. வாகனங்கள் வாக்குப்பெட்டிகளைச் சுமந்தன, ஐ.நா. வானொலி கிராமங்களுக்கு விளக்கம் சொன்னது. கப்பா 70 சதவீத வாக்கோடு வென்றார். கட்சியாக மாறிப் போட்டியிட்ட கிளர்ச்சியாளர்களின் வேட்பாளருக்கு இரண்டு சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. பத்தாண்டு மக்களின் பெயரால் சண்டையிட்டவர்களுக்கு மக்கள் கொடுத்த மதிப்பெண் அது.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் செய்திகளில் வராத வேலை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் இடம்பெயர்ந்தவர்களும் ஊர் திரும்பினார்கள். படைப் பொறியாளர்கள் பாதைகளையும் பாலங்களையும் சீர்செய்தார்கள், பள்ளிக்கூடங்களையும் மருத்துவ நிலையங்களையும் பழுது பார்த்தார்கள். வங்கதேச வீரர்களோடு மக்கள் நெருங்கிப் பழகினார்கள். அதன் நன்றியாக வங்காளத்தைக் கௌரவ மொழியாகக் கப்பா அறிவித்தார் என்பது வங்கதேசத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. போலீஸ் படையை 9500 பேர் கொண்டதாக மீண்டும் கட்டும் பணிக்கு ஐ.நா. போலீஸ் அதிகாரிகள் துணை நின்றார்கள். ராணுவத்துக்குப் பயிற்சி அளித்தது பிரிட்டன். ஒரு மாவட்டத்தில் உள்ளூர் போலீஸ் நிற்கும் அளவுக்குத் தேறிய பிறகே அங்கிருந்து ஐ.நா. வீரர்கள் விலகினார்கள். 2005 டிசம்பர் 31 அன்று உனாம்சில் முடிவுக்கு வந்தது. ஆன செலவு 280 கோடி டாலர். 190-க்கும் மேற்பட்ட அமைதிப்படையினர் தாக்குதலிலும் விபத்திலும் நோயிலும் அங்கே உயிரிழந்தார்கள்.

காவலர்களை யார் காவல் காப்பது?

இத்தனையும் சொன்ன பிறகு இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்ச்சாட்சியாகிவிடும். 2002-ல் ஐ.நா. அகதிகள் அமைப்பும் ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பும் கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாட்டு முகாம்களிலும் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. உணவுக்கும் சில்லறைக் காசுக்கும் பதிலாகச் சிறுமிகளைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் உதவிப் பணியாளர்களும் இருந்தார்கள், அமைதிப்படையினரும் இருந்தார்கள் என்று அது சொன்னது. இந்த நோய் சியரா லியோனோடு நிற்கவில்லை. 2007-ல் ஹெய்ட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஐ.நா. அவர்களை ஊருக்கு அனுப்பலாம். தண்டிக்க முடியாது. குற்றம் செய்த வீரரை விசாரிக்கும் அதிகாரம் அவருடைய சொந்த நாட்டுக்கே உரியது என்பது படை கொடுக்கும் நாடுகளோடு ஐ.நா. செய்யும் உடன்பாடு. அந்த நாட்டுக்கோ தன் ராணுவத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் வேறொரு கண்டத்தில் இருக்கிறாள். 2005-ல் ஜோர்தானின் இளவரசர் ஸைத் ரஅத் அல்ஹுஸைன் இது பற்றிக் கடுமையான அறிக்கை எழுதினார். விதிகள் இறுகின. அந்த அடிப்படை உடன்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அமைதிப்படையின் பிற குறைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லலாம். அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பெண் பிள்ளையிடம் நடந்த துரோகத்துக்கு நம்மிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

நீதிமன்றமும் கை இழந்தவர்களும்

கையெழுத்தின் அருகே எழுதப்பட்ட அந்த வரிக்கு வருவோம். 2002 ஜனவரியில் ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து ஒரு சிறப்பு நீதிமன்றத்தை நிறுவின. ஃப்ரீடவுனிலேயே அது அமர்ந்தது. 13 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கிளர்ச்சியாளர்கள் மீது மட்டும் அல்ல, அரசு ஆதரவுப் படையின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த ஹிங்கா நார்மன் மீதும். மக்களில் பலர் அவரை வீரராகப் பார்த்தார்கள், அந்தக் கைது கசப்பை உண்டாக்கியது. அவர் தீர்ப்புக்கு முன்பே 2007-ல் இறந்தார். சங்கோ 2003 ஜூலையிலேயே காவலில் இறந்துவிட்டார். சிறுவர்களைப் படையில் சேர்த்ததற்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் தண்டனை கொடுத்தது இங்கேதான் முதல் முறை. கட்டாயத் திருமணத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக ஏற்றதும் இங்கேதான். 2012-ல் சார்லஸ் டெய்லருக்கு 50 ஆண்டு சிறை. அவரையும் சேர்த்துத் தண்டனை பெற்றவர்கள் மொத்தம் ஒன்பது பேர்.

எழுபத்தைந்தாயிரம் பேர் ஆயுதம் ஏந்திய போரில் ஒன்பது பேர். பெரிய பொறுப்பாளிகளை மட்டுமே விசாரிப்பது என்பதுதான் அதன் வரம்பு. மற்றவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பி, தாங்கள் கை வெட்டியவர்களின் தெருவிலேயே வாழ்கிறார்கள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004-ல் தந்த அறிக்கையில், கை கால் இழந்தோர், விதவைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானோர், சிறுவர்கள் ஆகியோருக்கு ஓய்வூதியம், இலவச மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி என்று இழப்பீட்டைப் பரிந்துரைத்தது.

ஆயுதம் வைத்திருந்தவனுக்கு 2001-லேயே பணமும் தொழிலும் கிடைத்தன. அதில் தந்திரம் இருந்தது, அவன் மீண்டும் காட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும். அவனால் கை இழந்தவர் யாருக்கும் ஆபத்து இல்லாதவர். எனவே அவர் காத்திருந்தார். பாதிக்கப்பட்டோர் பதிவு 2008 இறுதியில்தான் தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது சுமார் 100 டாலர்.